லேப்டாப்பின் போர்ட்டுகளும் வெளி அமைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப் வாங்கிப் பல வருடம் ஆகியும் அதன் ஓரங்களில் உள்ள துளைகளில், அதாவது போர்ட்டுகளில், பாதி எதற்கென்று தெரியாமலே பயன்படுத்துகிறவர்கள் நிறையப் பேர். சார்ஜர் போடும் இடம் தெரியும், பென்டிரைவ் போடும் இடம் தெரியும். மற்றவை தூசி படிந்து கிடக்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தபடி படித்தால் மனதில் நிற்கும்.

இத்தனை துளைகளில் எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, வெளிச்சமான இடத்தில் மேசை மேல் வையுங்கள். இடது ஓரம், வலது ஓரம், பின்பக்கம், முன்பக்கம் என்று ஒரு சுற்று வாருங்கள். ஒவ்வொரு துளைக்கும் பக்கத்திலோ, அதற்கு நேர் மேலே கீபோர்டு விளிம்பிலோ, அடிப்பக்கத்திலோ மிகச் சின்னதாக ஒரு குறி அச்சாகியிருக்கும். கறுப்பு உடல் மேல் சாம்பல் நிறத்தில் இருந்தால் எளிதில் கண்ணில் படாது. மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் தெரியும். போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது இன்னும் சுலபம்.

பலர் துளையின் வடிவத்தை மட்டும் பார்க்கிறார்கள். எந்த முனை உள்ளே போகும் என்பதைத்தான் வடிவம் சொல்லும். போன பிறகு என்ன நடக்கும் என்பதைக் குறிதான் சொல்லும். ஒரே வடிவத்தில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் மானிட்டர் வேலை செய்யும், இன்னொன்றில் செய்யாது. போர்ட் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

நீள்சதுர யூஎஸ்பி போர்ட் மூன்று இருக்கிறது. மூன்றும் ஒன்றுதானா?

வடிவம் ஒன்று, வேகம் வேறாக இருக்கலாம். இந்த வடிவத்துக்கு டைப்-ஏ என்று பெயர். யூஎஸ்பி 1996-ல் வெளிவந்த நாளிலிருந்து இந்த வடிவம் மாறவே இல்லை, உள்ளே ஓடும் வேகம்தான் மாறிக்கொண்டே வந்தது. 2000-ல் வந்த 2.0 வினாடிக்கு 480 மெகாபிட். 2008-ல் வந்த 3.0 வினாடிக்கு 5 ஜிகாபிட், அதாவது பத்து மடங்குக்கு மேல். அதற்கடுத்து 10 ஜிகாபிட்டும் வந்துவிட்டது.

எப்படிப் பிரித்தறிவது? டார்ச் அடித்து துளைக்குள்ளே பாருங்கள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதில் 4 உலோகத் தகடுகள் மட்டும் இருந்தால் 2.0. நாக்கின் விளிம்பில் கூடுதலாக 5 சின்னத் தகடுகள் வரிசையாகத் தெரிந்தால் 3.0 அல்லது அதற்கு மேல். நாக்கு நீலமாக இருந்தால் பெரும்பாலும் 3.0தான். ஆனால் நீலம் கட்டாயமில்லை. வேகமான போர்ட்டையும் கறுப்பிலேயே கொடுக்கிற நிறுவனங்கள் உண்டு. தகடுகளை எண்ணுவதும், பக்கத்தில் இரண்டு ‘எஸ்’ எழுத்துகள் சேர்ந்த குறி இருக்கிறதா என்று பார்ப்பதும்தான் நம்பகமான வழி. அந்தக் குறியோடு 10 என்ற எண் இருந்தால் வினாடிக்கு 10 ஜிகாபிட்.

இந்த வித்தியாசம் பெரிய கோப்புகளில் நன்றாகவே தெரியும். 10 ஜிபி அளவுள்ள வீடியோக்களை எஸ்எஸ்டி எனப்படும் வேகமான வெளிச் சேமிப்புக் கருவிக்கு மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 8 மெகாபிட் சேர்ந்தால்தான் 1 எம்பி. 2.0 போர்ட்டில் நடைமுறையில் வினாடிக்கு 35, 40 எம்பிதான் கிடைக்கும், ஆகவே நான்கு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். அதே எஸ்எஸ்டியை 3.0 போர்ட்டில் போட்டால் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மவுஸுக்கும் கீபோர்டுக்கும் 2.0 தாராளம். வேகமான போர்ட்டை மவுஸுக்குக் கொடுத்துவிட்டு, மெதுவான போர்ட்டில் ஹார்டு டிஸ்கைப் போட்டு மணிக்கணக்கில் காத்திருப்பதைத் தவிருங்கள்.

பெயர்களும் குழப்பும், அது உங்கள் தவறில்லை. முதலில் 3.0 என்று வந்ததே பிறகு 3.1 ஜென் 1 ஆனது, அதன் பிறகு 3.2 ஜென் 1 ஆனது. மூன்றுமே அதே 5 ஜிகாபிட்தான். விவரப் பட்டியலில் 3.2 என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதோடு நின்றுவிடாமல், ஜிகாபிட் கணக்கு என்னவென்று தேடிப் பாருங்கள்.

பென்டிரைவ் முதல் தடவை நுழையவே மாட்டேன் என்கிறது. ஏதாவது அடையாளம் உண்டா?

உண்டு. டைப்-ஏ முனையின் ஒரு பக்கத்தில் மூன்று கிளை பிரியும் திரிசூலம் போன்ற யூஎஸ்பி குறி பொறித்திருக்கும். லேப்டாப் மேசை மேல் இருக்கும்போது அந்தப் பக்கம் பொதுவாக மேலே பார்த்திருக்க வேண்டும். குறி இல்லாத பென்டிரைவ் என்றால் முனையின் உள்ளே பாருங்கள். ஒரு பாதி பிளாஸ்டிக்கால் நிரம்பியிருக்கும், மறுபாதி வெற்றிடம். வெற்றிடத்தில்தான் போர்ட்டின் நாக்கு போய் உட்காரும். நுழையவில்லை என்றால் திருப்பிப் போடுங்கள், அமுக்காதீர்கள். நாக்கு உடைந்தால் அந்த போர்ட்டையே மாற்ற வேண்டிவரும்.

ஒரு சின்ன விஷயம்: வேகமான பென்டிரைவ் சில நேரம் மெதுவாக நகலெடுக்கும். தயங்கித் தயங்கி மெல்ல உள்ளே தள்ளினால், முதலில் தொடுகிற 4 தகடுகளை வைத்தே லேப்டாப் அதை 2.0 என்று எடுத்துக்கொள்வதுண்டு. கழற்றி, ஒரே மூச்சில் முழுவதுமாகச் செருகிப் பாருங்கள்.

நீல போர்ட்டில் ஹார்டு டிஸ்க் போட்டதும் வயர்லெஸ் மவுஸ் திக்குகிறதே?

மவுஸ் கெட்டுப்போகவில்லை. 3.0 இணைப்பு வேகமாக ஓடும்போது கிளம்பும் மின்னிரைச்சல், வயர்லெஸ் மவுஸ் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும். இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை அளந்து அறிக்கை வெளியிட்டது. மவுஸின் சின்ன ரிசீவரை எதிர்ப்பக்க ஓரத்தில் உள்ள போர்ட்டுக்கு மாற்றுங்கள், முடிந்தால் 2.0 போர்ட்டுக்கு. பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

டைப்-சி போர்ட் ஒன்று இருக்கிறது. அதில் என்னென்ன செய்யலாம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில் லேப்டாப்புக்கு லேப்டாப் மாறும்.

இரு முனைகளும் வளைந்த, எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் நுழைகிற சின்ன துளைதான் டைப்-சி. 2014-ல் வந்தது. உள்ளே 24 தொடுமுனைகள் உண்டு. டைப்-சி என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அந்த வடிவத்துக்குள் நான்கு வேலைகளைப் பொருத்தலாம்: தகவல் பரிமாற்றம், லேப்டாப்புக்குச் சார்ஜ் ஏற்றுவது, மானிட்டருக்குப் படம் அனுப்புவது, இவை எல்லாவற்றையும் அதிவேகமாகச் சேர்த்துச் செய்யும் தண்டர்போல்ட். முதலாவது எல்லாவற்றிலும் இருக்கும். மற்ற மூன்றும் இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை.

பக்கத்தில் உள்ள குறியைப் படியுங்கள். திரிசூலமும் ‘எஸ்எஸ்’ஸும் மட்டும் இருந்தால் தகவல் பரிமாற்றம் நிச்சயம், மற்றவற்றை நம்பி எதையும் வாங்க வேண்டாம். ‘டி’ எழுத்துக்குள் ‘பி’ எழுத்து புதைந்தது போன்ற குறி இருந்தால் அது டிஸ்பிளேபோர்ட். மானிட்டர் வேலை செய்யும். பேட்டரி அல்லது மின் பிளக் படம் இருந்தால் அதன் வழியே லேப்டாப்பைச் சார்ஜ் செய்யும் வாய்ப்பு அதிகம். நுனியில் அம்பு வைத்த மின்னல் குறி தண்டர்போல்ட். தண்டர்போல்ட் 3, 4 இரண்டும் வினாடிக்கு 40 ஜிகாபிட் வரை போகும். படமும் தகவலும் மின்சாரமும் ஒரே கேபிளில் ஓடும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். மின்னல் குறி டைப்-ஏ போர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் அது தண்டர்போல்ட் இல்லை. லேப்டாப் உறக்கத்திலோ அணைந்தோ இருக்கும்போதும் அந்த போர்ட்டில் மொபைலுக்குச் சார்ஜ் ஏறும் என்று பொருள். பல மாடல்களில் பயாஸ் அமைப்பில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) அதை இயக்கினால்தான் வேலை செய்யும்.

குறியே இல்லாத டைப்-சி போர்ட்டுகளும் ஏராளம். தயாரிப்பாளர்கள் இப்படி வெறுமனே விட்டுவிடுவது வாங்குகிறவரைத் தவிக்கவிடும் செயல். ஒரு சின்னக் குறி அச்சிட இடம் இல்லாமல் போகாது. அப்படிப்பட்ட லேப்டாப் என்றால், அடிப்பக்கத்தில் உள்ள மாடல் எண்ணை முழுவதுமாகக் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணுக்குரிய விவரப் பட்டியலைப் பாருங்கள். ‘டிஸ்பிளேபோர்ட்’ (படம் அனுப்ப), ‘பவர் டெலிவரி’ (சார்ஜ் ஏற்ற) என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இரண்டு டைப்-சி போர்ட் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

போன் சார்ஜரோடு வந்த டைப்-சி கேபிளை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாமா?

சார்ஜ் ஏறும். ஆனால் தகவல் பரிமாற்றத்தில் ஏமாற்றம் இருக்கும். சார்ஜரோடு வரும் கேபிள்களில் பல 2.0 வேகத்துக்கான கம்பிகளோடு மட்டுமே வருகின்றன. 10 ஜிகாபிட் போர்ட்டில் 10 ஜிகாபிட் எஸ்எஸ்டியை அந்தக் கேபிளால் இணைத்தால் 480 மெகாபிட்தான் ஓடும். மானிட்டரில் படமும் வராது. போர்ட், கேபிள், கருவி மூன்றில் எது மெதுவானதோ அந்த வேகம்தான் மொத்தத்துக்கும்.

சார்ஜ் விஷயத்திலும் ஒரு எல்லை உண்டு. 3 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் போக வேண்டுமென்றால் கேபிளுக்குள்ளேயே ஒரு சின்ன சிப் இருக்க வேண்டும். சாதாரண கேபிளில் அதிகபட்சம் 60 வாட் வரை போகும். 100 வாட் சார்ஜர் வாங்கியும் வேகமாக ஏறவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளைத்தான். நல்ல கேபிள்களின் முனையில் 40, 60, 240 என்று ஜிகாபிட்டோ வாட்டோ அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து வாங்குங்கள்.

என் சார்ஜர் கெட்டுவிட்டது. வேறு லேப்டாப்பின் சார்ஜரைப் போடலாமா?

வட்டமான பின் உள்ள சார்ஜர் என்றால், நுழைகிறது என்பதற்காகப் போட்டுவிடாதீர்கள். சார்ஜர் பெட்டியின் லேபிளில் ‘அவுட்புட்’ என்ற வரியைப் படியுங்கள். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்பது போல் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட். இந்தக் கணக்கில் 65 வாட். வோல்ட் லேப்டாப்பின் அடியில் போட்டிருக்கும் அளவோடு ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. கூடுதல் ஆம்பியரால் கெடுதல் இல்லை, லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். பின்னின் உட்பக்கம் நேர்மின்னா எதிர்மின்னா என்று காட்டும் வட்டக் குறியும் லேபிளில் இருக்கும், அதுவும் ஒத்துப்போக வேண்டும்.

சில பின்களின் நடுவில் ஊசி போல் ஒன்று நிற்கும். பல மாடல்களில் அதன் வழியேதான் சார்ஜர் எத்தனை வாட் என்பதை லேப்டாப் தெரிந்துகொள்கிறது. அது வளைந்தாலோ உடைந்தாலோ லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரியில் சார்ஜ் ஏறாது. பேட்டரி போய்விட்டது என்று புதிதாக வாங்கும் முன் அந்த ஊசியைப் பாருங்கள்.

டைப்-சி சார்ஜரில் நிலைமை வேறு. பவர் டெலிவரி முறையில் சார்ஜரும் லேப்டாப்பும் முதலில் 5 வோல்ட்டில் தொடங்கி, எவ்வளவு தரலாம், எவ்வளவு வேண்டும் என்று பேசி முடிவு செய்த பிறகே வோல்ட்டை உயர்த்தும். ஆகவே முறையான டைப்-சி சார்ஜரை மாற்றிப் போடுவதால் லேப்டாப் கருகாது. வாட் போதவில்லை என்றால் மெதுவாக ஏறும், அல்லது திரையில் எச்சரிக்கை வரும். இந்த முறையின் உச்ச வரம்பு முன்பு 100 வாட்டாக இருந்தது, 2021-ல் 240 வாட்டாக உயர்ந்தது.

எச்டிஎம்ஐ கேபிளில் டிவியை இணைத்தால் படம் வருகிறது, சத்தம் மட்டும் லேப்டாப்பிலேயே கேட்கிறது. ஏன்?

எச்டிஎம்ஐ படத்தையும் ஒலியையும் சேர்த்தே கொண்டுபோகும். கேபிளில் குறையில்லை, ஒலி எங்கே போக வேண்டும் என்பதை லேப்டாப்புக்குச் சொல்ல வேண்டும். விண்டோஸில் திரையின் வலது கீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, வெளியீட்டுப் பட்டியலில் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். படமே வரவில்லை என்றால் விண்டோஸ் விசையோடு ‘பி’ விசையை அழுத்தினால் நான்கு தேர்வுகள் வரும்: லேப்டாப் திரை மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரண்டையும் ஒரே நீண்ட திரையாக்குவது, வெளித்திரை மட்டும்.

அடையாளம்: டைப்-ஏ யூஎஸ்பியைவிடச் சற்று அகலம், கீழ் மூலைகள் இரண்டும் உள்நோக்கிச் சரிந்திருக்கும், 19 பின்கள். வடிவம் ஒன்றே என்றாலும் பதிப்புகள் பல. 1.4 பதிப்பில் 4கே எனப்படும் மிகத் துல்லியமான படம் வினாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும், மவுஸ் அம்புக்குறி இழுத்து இழுத்து நகர்வதுபோல் தெரியும். 2.0 பதிப்பில் 60 முறை. பழைய லேப்டாப்பில் 4கே மானிட்டர் போட்டு ‘வழுவழுப்பாக இல்லையே’ என்று படுகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இது.

ஒரு லேப்டாப்பின் எச்டிஎம்ஐயை இன்னொரு லேப்டாப்பில் செருகி அதை இரண்டாம் திரையாக்கலாமா?

முடியாது. மிக அரிதான சில மாடல்களைத் தவிர, லேப்டாப்பில் உள்ள எச்டிஎம்ஐ படத்தை வெளியே அனுப்ப மட்டுமே. இரண்டு பக்கமும் அனுப்பிக்கொண்டிருக்கும், வாங்க யாரும் இல்லை. கேபிள் நுழைகிறது என்பதால் பலர் வாங்கிப் பார்த்து ஏமாறுகிறார்கள். இரண்டு லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருந்தால், விண்டோஸில் உள்ள வயர்லெஸ் டிஸ்பிளே வசதியால் இதைச் செய்யலாம். அதற்குக் கேபிளே தேவையில்லை.

பழைய லேப்டாப்பில் இருபக்கமும் திருகு மரை உள்ள நீல நிறத் துளை எதற்கு?

அது விஜிஏ. ஐபிஎம் நிறுவனம் 1987-ல் கொண்டுவந்தது. மூன்று வரிசையில் 15 ஓட்டைகள். படம் மட்டும் போகும், ஒலி போகாது. பழைய புரொஜெக்டர்களில் இன்றும் இதுதான் இருக்கும். புது லேப்டாப்பின் எச்டிஎம்ஐயை அதோடு இணைக்க, உள்ளே சிப் உள்ள கன்வர்ட்டர் வேண்டும். எச்டிஎம்ஐ டிஜிட்டல், விஜிஏ அனலாக். வெறும் கம்பியால் இணைத்த கேபிள் எந்தப் பலனும் தராது. கழற்றும்போது இரண்டு திருகுகளையும் முழுவதும் தளர்த்திய பிறகு நேராக இழுங்கள்.

வைஃபை இருக்கும்போது கேபிள் வழியே இணையம் தரும் லேன் போர்ட் எதற்கு?

நேர்காணல், இணையத் தேர்வு, பெரிய கோப்புப் பதிவிறக்கம் என்று இடையில் அறுந்தால் சிக்கலாகும் வேலைகள் எதுவானாலும் நான் லேன் கேபிளைத்தான் சொல்வேன். சுவரோ பக்கத்து ரௌட்டர்களோ அதைப் பாதிக்காது. லேப்டாப்புகளில் உள்ள லேன் போர்ட் பெரும்பாலும் வினாடிக்கு 1 ஜிகாபிட்; கேபிள் 100 மீட்டர் வரை நீளலாம். அந்த வேகம் முழுவதும் வேண்டுமானால் உள்ளே உள்ள 8 கம்பிகளும் நன்றாக இருக்க வேண்டும். ஒரு ஜோடி அறுந்தாலும் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், அல்லது இணைப்பே வராது.

மெல்லிய லேப்டாப்பில் இந்தத் துளை பாதி உயரத்தில், கீழே ஒரு கதவோடு இருக்கும். கதவைக் கீழ்நோக்கித் தள்ளித் திறந்தபடி செருக வேண்டும். அந்த நேரம் லேப்டாப்பின் அந்த ஓரத்தைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கதவு மேசையில் இடித்து உடையும். கழற்றும்போது முனையில் உள்ள பிளாஸ்டிக் கொக்கியை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும்.

ஹெட்போன் துளை ஒன்றுதான் இருக்கிறது. மைக்கை எங்கே போடுவது?

அதே துளையில்தான். 3.5 மில்லிமீட்டர் துளைக்குப் பக்கத்தில் மைக்கோடு கூடிய ஹெட்செட் படம் இருந்தால் அது இரண்டும் சேர்ந்தது. ஹெட்செட் பின்னில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணுங்கள். மூன்று வளையம் என்றால் மைக்கும் சேர்ந்தது, இரண்டு என்றால் ஒலி மட்டும். கம்ப்யூட்டருக்கென்று வரும் பச்சை, இளஞ்சிவப்பு என்று இரண்டு பின் உள்ள ஹெட்செட் வைத்திருந்தால், இரண்டையும் ஒன்றாக்கும் ஒய் வடிவ இணைப்பான் வாங்க வேண்டும். ஒரு பின்னை இரண்டு ஸ்பீக்கருக்குப் பிரிப்பதும் பார்க்க அதேபோல் இருக்கும். மைக், ஹெட்போன் என்று தனித்தனியாகக் குறி போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மெமரி கார்டு துளையில் ஏற்கெனவே ஒரு கார்டு இருக்கிறது. ஆனால் எதையும் காட்டவில்லை?

அது வெறும் பிளாஸ்டிக் அட்டையாக இருக்கலாம். தூசி போகாமலிருக்க சில மாடல்களில் தயாரிப்பாளரே வைத்து அனுப்புவார். உள்ளே அழுத்தினால் ‘டிக்’ என்று வெளியே வரும், அல்லது நகத்தால் இழுத்தால் வரும்.

கேமரா கார்டில் கோப்பு அழியவும் மாட்டேன், பதியவும் மாட்டேன் என்றால், கார்டின் இடது ஓரத்தில் உள்ள சின்னத் தள்ளுவிசையைப் பாருங்கள். கீழே இறங்கியிருந்தால் பூட்டு. மேலே தள்ளினால் சரி. மைக்ரோ கார்டை அப்படியே பெரிய துளைக்குள் போடாதீர்கள், அடாப்டரில் வைத்துப் போடுங்கள். உள்ளே விழுந்தால் பிரித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஓரத்தில் பூட்டுப் படம் போட்ட சின்ன ஓட்டை?

திருட்டைத் தடுக்கும் கேபிள் மாட்ட. உள்ளே மின் இணைப்பு எதுவும் கிடையாது. நூலகம், கண்காட்சி போன்ற பொது இடங்களில் மேசையோடு சேர்த்துப் பூட்டிவைக்கலாம்.

சின்னச் சின்ன விளக்குகள் என்ன சொல்கின்றன?

நிறத்தின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பொதுவாக சார்ஜர் துளைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு என்றால் ஏறிக்கொண்டிருக்கிறது, வெள்ளை அல்லது பச்சை என்றால் நிறைந்துவிட்டது. பவர் விளக்கு மூச்சு விடுவதுபோல் மெதுவாக மங்கி எரிந்தால் லேப்டாப் உறக்கத்தில் இருக்கிறது.

திரை இருண்டே கிடந்து, விளக்கு மட்டும் ஒரு கணக்கோடு விட்டுவிட்டுச் சிமிட்டினால் எத்தனை தடவை என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் எந்தப் பாகத்தில் கோளாறு என்பதை அந்த எண்ணிக்கையால் சொல்கின்றன. சிமிட்டுவதை வீடியோ எடுத்து வைத்தால் சரிபார்ப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

கேமராவுக்குப் பக்கத்தில் இத்தனை ஓட்டைகள் ஏன்?

நடுவில் இருப்பது கேமரா. பக்கத்தில் உள்ள சிறு புள்ளி அதன் விளக்கு. நீங்கள் எந்தச் செயலியையும் திறக்காதபோது அது எரிந்தால் என்ன நடக்கிறதென்று உடனே பாருங்கள். ஊசிமுனை ஓட்டைகள் மைக். ரீசெட் பட்டன் என்று நினைத்துக் குத்திவிடாதீர்கள். இன்னொரு கறுப்பு வட்டம் இருந்தால், முகம் பார்த்துத் திறக்கும் அகச்சிவப்புக் கேமராவாக இருக்கலாம். இருட்டில் அது லேசாகச் சிவந்து மின்னும்.

கேமராவை மூட தடிமனான மூடி ஒட்டிவிட்டு லேப்டாப்பை அழுத்தி மூடினால் திரை விரிசல் விடலாம். கேமராவுக்கு மேலே தள்ளுகதவு இருக்கிறதா என்று முதலில் தடவிப் பாருங்கள். இருப்பது தெரியாமல், கேமரா கெட்டுவிட்டது என்று பழுதுபார்க்கக் கொடுப்பவர்களும் உண்டு.

லேப்டாப் பக்கத்தில் ஏதாவது வைத்தாலே திரை அணைகிறது. இது என்ன?

மூடியை மூடியதும் லேப்டாப் உறங்குவது ஒரு காந்தத்தால். திரைச் சட்டத்தில் காந்தமும், கீபோர்டு பகுதியின் கீழ் அதை உணரும் சென்சாரும் இருக்கும். காந்தக் கொக்கி வைத்த பை, கைச்சங்கிலி, மொபைல் உறை ஏதாவது அந்த இடத்துக்கு அருகே வந்தால், மூடிவிட்டார்கள் என்று லேப்டாப் நினைத்துக்கொள்ளும். ஒரு லேப்டாப் மேல் இன்னொன்றை வைத்தாலும் இதே கதை. காந்தத்தை நகர்த்தினால் போதும்.

அடிப்பக்கத்தில் கவனிக்க வேண்டியவை என்ன?

காற்றுத் துளைகள்தான் முக்கியம். பெரும்பாலான மாடல்களில் ஃபேன் அடிப்பக்கத்திலிருந்து காற்றை இழுத்து, பின்புறமோ ஓரத்திலோ சூடாக வெளியே தள்ளும். மெத்தை, தலையணை, போர்வை மேல் வைத்தால் இழுக்கும் வழி அடைபடும். உள்ளே சூடு ஏறும், பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஃபேன் அலறும். ‘லேப்டாப் மெதுவாகிவிட்டது’ என்று சொல்பவர்களிடம் அதை எதன் மேல் வைத்துப் பயன்படுத்துகிறீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். மூலைகளில் உள்ள ரப்பர் கால்கள் வழுக்காமல் இருக்க மட்டுமல்ல, காற்றுக்கு இடைவெளி விடவும்தான். ஒன்று பிய்ந்து போனாலும் உடனே ஒட்டிவிடுங்கள்.

லேபிளில் மாடல் எண், வரிசை எண், மின் அளவு மூன்றும் இருக்கும். பயன்பாட்டில் எழுத்து தேய்ந்துபோகும், அதனால் வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைப்பது நல்லது. அந்தப் போட்டோவை அதே லேப்டாப்பில் மட்டும் வைக்க வேண்டாம். சில மாடல்களில் ஊசி நுழையும் ரீசெட் ஓட்டை ஒன்று பேட்டரிப் படத்தோடோ வளைந்த அம்புக்குறியோடோ இருக்கும். குறி இல்லாத ஓட்டை எதிலும் ஊசியை விடாதீர்கள்.

புது லேப்டாப்பில் இரண்டே போர்ட். ஒரு போர்ட்டைப் பலவாக்கும் ஹப் வாங்கலாமா?

வாங்கலாம், ஒன்றைத் தெரிந்துகொண்டு. ஒரே குழாயில் நான்கு கிளை எடுத்தால் தண்ணீர் பிரிவதுபோல, ஹப்பில் எத்தனை போர்ட் இருந்தாலும் லேப்டாப்பின் ஒரே போர்ட்டின் வேகத்தைத்தான் எல்லாமே பகிர்ந்துகொள்ளும். மின்சாரமும் அப்படியே. இரண்டு வெளி ஹார்டு டிஸ்க் ஒரே நேரத்தில் போட வேண்டுமானால் தனி சார்ஜர் மாட்டும் வசதியுள்ள ஹப் வேண்டும். எச்டிஎம்ஐ உள்ள ஹப் என்றால், உங்கள் டைப்-சி போர்ட்டில் டிஸ்பிளேபோர்ட் வசதி இருந்தால்தான் படம் வரும். ஹப்பால் அதை உண்டாக்க முடியாது.

போர்ட் லூசாகிவிட்டது. சுத்தம் செய்தால் சரியாகுமா?

டைப்-சி என்றால் பல நேரம் சரியாகும். பையிலிருந்து சேரும் நூல் துணுக்கு உள்ளே அடியில் போய் அமுங்கி, கேபிள் முழுவதும் இறங்காமல் தடுக்கும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, மெல்லிய மரப் பல்குச்சியால் ஓரத்தை ஒட்டி மெதுவாகக் கிளறி எடுங்கள். நடுவில் உள்ள மெல்லிய நாக்கைத் தொடாதீர்கள். குண்டூசி, ஊக்கு போன்ற உலோகம் எதுவும் வேண்டாம். வாயால் ஊதாதீர்கள், ஈரம் உள்ளே போய்விடும். ரப்பர் பந்து போன்ற கை புளோயர் போதும். சுத்தம் செய்தும் கேபிள் ஆடினால், முதலில் வேறு கேபிளைப் போட்டுப் பாருங்கள். டைப்-சியில் தேயும் ஸ்பிரிங் தகடுகள் கேபிள் முனையில்தான் இருக்கின்றன, ஆகவே சீக்கிரம் தளர்வது பெரும்பாலும் கேபிள்தான்.

பழைய லேப்டாப் வாங்கப் போகிறேன். வெளியே எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ஒரு பென்டிரைவ், ஒரு ஹெட்செட், முடிந்தால் ஒரு எச்டிஎம்ஐ கேபிள் கையோடு எடுத்துப் போங்கள். பென்டிரைவை ஒவ்வொரு யூஎஸ்பி போர்ட்டிலும் போட்டு, ஒரு கோப்பை நகலெடுக்கும்போதே லேசாக அசைத்துப் பாருங்கள். துண்டித்து இணைந்தால் போர்ட் தளர்ந்திருக்கிறது. சார்ஜரைச் செருகி, வயரை நாலா பக்கமும் மெல்ல வளைத்து, விளக்கு அணைந்து எரிகிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் சார்ஜர் துளை மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கும், அப்படியானால் மாற்றுவது பெரிய வேலை.

கடைசியாகத் திரையின் கீல். நடு விளிம்பைப் பிடித்து மெதுவாகத் திறங்கள். கீல் இருக்கும் மூலையில் பிளாஸ்டிக் பிளந்து நிற்கிறதா, திறக்கும்போது ‘கடக்’ என்று சத்தம் வருகிறதா, பாதியில் விட்டால் திரை அங்கேயே நிற்கிறதா என்று கவனியுங்கள். திரைக்குப் போகும் கேபிள் பெரும்பாலும் அந்தக் கீல் வழியாகத்தான் போகிறது. திறந்து மூடும்போது படம் ஒரு கணம் மினுக்கினால் அந்த லேப்டாப்பை வாங்காதீர்கள்.